டைமண்ட் பெயிண்டிங் தொடங்குகிறவர்களுக்கு: வாங்குவது முதல் படச்சட்டம் போடுவது வரை

டைமண்ட் பெயிண்டிங்கில் கல் (பளபளக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு) ஒட்டுவதுதான் இருப்பதிலேயே எளிய பகுதி. பசை தடவிய கேன்வாஸில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்து, அந்தக் குறிக்குரிய நிறக் கல்லை, மெழுகு தொட்ட பேனா முனையில் ஒட்டி எடுத்து வைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். ஆனாலும் பாதியில் சுருட்டி வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். பொருந்தாத அளவில் படம் வாங்கிவிடுகிறார்கள், கல் குறைகிறது, கேன்வாஸில் பஞ்சும் மண்ணும் படிகிறது, எல்லாவற்றையும் தாண்டி முடித்தவர்கள் சட்டம் போடுகிற கடையில் பளபளப்பைப் பறிகொடுக்கிறார்கள். இந்த இடங்களில் நானும் அல்லாடியிருக்கிறேன். பெட்டிக்குள் வரும் குறிப்புச் சீட்டில், பேனாவை மெழுகில் குத்துவது எப்படி என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. நம் கொங்குப் பக்கத்துக் காற்றையும் வெயிலையும் நூல் தூசியையும் மனதில் வைத்து எழுதிய குறிப்பு எனக்குத் தேடியும் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

1. படம் தேர்ந்தெடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

சதுரக் கல்லின் பக்க அளவு 2.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நான்கு கல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 கல். 20×30 சென்டிமீட்டர் படத்துக்கு 9,600 கல் வேண்டும். 30×40 என்றால் 19,200. 40×50 என்றால் 32,000. கை பழகாத நாட்களில் மணிக்கு 400 முதல் 500 கல் ஒட்டினாலே நல்ல வேகம். ஆகவே 30×40 படம் 38 முதல் 48 மணி நேரம் எடுக்கும். இரவில் வேலையெல்லாம் முடித்து ஒரு மணி நேரம் மட்டும் உட்கார முடிகிறவருக்கு அது ஒன்றரை மாதம்.

இதே கணக்குதான் எந்தப் படம் தெளிவாக வரும் என்பதையும் தீர்மானிக்கிறது. 20×30 படத்தில் குறுக்கே 80 கல், நெடுக்கே 120 கல். அவ்வளவுதான். அதற்குள் மயில், வேல், மாலை, தோரணம் எல்லாவற்றோடும் முருகனை முழு உருவமாகக் கொண்டுவர முயன்றால், முகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல் அகலம்தான் கிடைக்கும். கண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கல். வேலின் முனை ஒரே கல்லில் முடிந்துவிடும். விற்பனைப் பக்கத்தில் நாம் பார்ப்பது வரைந்த படத்தை. கல் ஒட்டி முடித்த படத்தை அங்கே காட்டுவதில்லை. வாங்கியவர்கள் போட்ட புகைப்படங்களைத் தேடிப் பார்த்து முகம் முகமாகத் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாமி படம்தான் வேண்டும் என்றால் முகம் பெரிதாக உள்ள படத்தை, குறைந்தது 30×40 அளவில் வாங்குங்கள்.

முதல் படத்துக்கு நான் சொல்வது: ஒரே பெரிய உருவம், ஒரே நிறப் பின்னணி. மயிலின் தலை, ஒரு தாமரை, காங்கேயம் காளையின் முகம் போன்றவை அருமையாக வரும். தென்னந்தோப்பு, மலை, அருவி போன்ற காட்சிகள் கண்ணை இழுக்கும். ஆனால் அவற்றில் பச்சை மட்டுமே ஏழெட்டு வகை இருக்கும். ஒரே நிறம் கூட்டமாக வந்தால் கை ஓடும். ஒவ்வொரு கல்லுக்கும் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் தட்டையும் பொட்டலத்தையும் மாற்றுவதிலேயே நேரம் கரையும். மேலே சொன்ன வேகம் அங்கே பாதியாகிவிடும்.

அடுத்தது கல்லின் வடிவம். வட்டக் கல் 2.8 மில்லிமீட்டர் விட்டம். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் வெளியில் தெரியாது. இடையிடையே சிறு இடைவெளி இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் அதுவும் மறைந்துவிடும். சதுரக் கல் நெருக்கமாக உட்கார்ந்து தரை ஓடு பதித்தது போன்ற ஒழுங்கைத் தரும். ஆனால் ஒரு வரிசை சாய்ந்தால் கீழே உள்ள வரிசைகளெல்லாம் சாயும். முதல் படத்துக்கு வட்டக் கல்லே போதும். ஆரி வேலை, எம்பிராய்டரி பழகியவர்கள் நேராகச் சதுரக் கல்லுக்கே போகலாம். அந்தக் கைக்கு நேர்கோடு தானாக வரும்.

படம் முழுவதும் கல் ஒட்டுவது ஒரு வகை. கிரீடம், நகை, மாலை என்று சில இடங்களில் மட்டும் ஒட்டுவது இன்னொரு வகை. பகுதி மட்டும் ஒட்டும் பெட்டி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கை பழக நல்லது. ஆனால் முழுப் படம் என்று நினைத்து அதை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய இருப்பதால், விவரத்தில் எது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2. வாங்கும்போது: பணம், தாள், முகவரி

கோவை, ஈரோடு, சேலம் கடைவீதிகளில் ஆரி வேலைப் பொருள் விற்கும் கடைகளிலும் கைவினைப் பொருள் கடைகளிலும் சிறிய பெட்டிகள் சில சமயம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். 30×40 பெட்டி ஏறத்தாழ 300 முதல் 700 ரூபாய்க்குள் அமையும். பேனா, மெழுகு, தட்டு மூன்றும் அதற்குள்ளேயே வரும்.

பணம் கட்டும் முன் நான்கு விஷயம் பாருங்கள். முதலில், சொல்லப்பட்ட அளவு கேன்வாஸின் அளவா, படத்தின் அளவா என்பது. 30×40 என்று போட்டிருப்பார்கள். ஓரம் போக படம் 25×35தான் இருக்கும். 19,200 கல் எதிர்பார்த்த இடத்தில் 14,000 கல்தான். அடுத்து, கல் எந்த வகைப் பிளாஸ்டிக், ரெசினா அக்ரிலிக்கா என்று பாருங்கள். ரெசின் கல் மென்மையாக உட்காரும், பளபளப்பும் கூடுதல். மூன்றாவது பசை. கேன்வாஸ் முழுவதும் ஊற்றிப் பரப்பிய பசையாக இருந்தால் சீராக இருக்கும். இருபக்க ஒட்டுத்தாளை ஒட்டியிருந்தால் நாளடைவில் அதில் வெள்ளைக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் எழலாம். நான்காவது, நிறப் பட்டியலில் டிஎம்சி எண் இருக்கிறதா என்பது. இது பிரெஞ்சு எம்பிராய்டரி நூல் நிறுவனத்தின் நிற எண். 310 என்றால் கறுப்பு. இந்த எண் இருந்தால் கல் குறையும்போது வேறு கடையில் அதே நிறத்தை வாங்கலாம். விற்பவர் 1, 2, 3 என்று தன் சொந்த எண் மட்டும் போட்டிருந்தால் அவரைத் தவிர வேறு வழி இல்லை.

வாங்கிய கையோடு இவற்றைச் சேமித்து வையுங்கள்: பில், அளவும் கல் வகையும் தெரியும்படி விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், திருப்பி அனுப்பக் கடைசி நாள். அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால், கல் குறைந்திருந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) குடியிருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கூரியர்காரர் ஊருக்குள் வந்து போனை அடித்துவிட்டுத் திரும்பிப் போவது நமக்குத் தெரிந்த கதை. முகவரியில் தோட்டத்தின் பெயரோடு பஸ் நிறுத்தத்தையும் அருகிலுள்ள கோயிலையும் எழுதுங்கள். முடிந்தால் ஊருக்குள் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கடைகளில் நேராக வாங்குவதை முதல் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சுங்கவரி சேரும், கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும், திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்கள் அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன விற்பனைச் செயலியில் வாங்கச் சொல்லும். அந்தச் செயலிக்கு 2020 நவம்பரிலேயே இந்திய அரசு தடை விதித்துவிட்டது.

பரிசுக்காகச் செய்கிறீர்கள் என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். தை மாதப் புதுமனைப் புகுவிழாவுக்கு 40×50 படம் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் ஒட்டினால் 64 முதல் 80 நாள், பொட்டலம் வர ஒரு வாரம் பத்து நாள், சட்டம் போட ஒரு வாரம். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகிறது. தீபாவளி நெருக்கத்தில் கூரியர் தாமதமாகும் என்பதால் புரட்டாசி முதல் வாரத்திலேயே ஆர்டர் போட்டுவிடுவது நல்லது.

3. பொட்டலம் வந்த அன்றே செய்ய வேண்டியவை

உறை கிழிப்பதிலிருந்து கடைசிப் பை வெளியே வருவது வரை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு அதில் தெரிய வேண்டும். பிறகு கேன்வாஸ் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நிறப் பட்டியலோடு பைகளை ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். எந்த எண் இல்லை, எந்தப் பை உடைந்திருக்கிறது, எது நிறம் மாறி வந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பெட்டியில் பின்னணி நிறமே ஒரு பை குறைவாக வந்தது. விற்றவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவையும் பட்டியலையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் மாற்றுப் பொட்டலம் வந்தது. அந்த வீடியோவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பெரிய பரப்பை நிரப்பும் நிறங்களில் போதுமான கல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க முடியாது. நகை நிறுக்கும் சிறிய எலக்ட்ரானிக் தராசு வீட்டில் இருந்தால் 100 கல்லை எண்ணி நிறுத்து, அதை வைத்து மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடலாம். படத்தில் அந்த நிறம் எத்தனை இடத்தில் வருகிறது என்பது சில பட்டியல்களிலேயே அச்சிட்டிருக்கும்.

கேன்வாஸ் சுருட்டி வந்திருந்தால், பசையை மூடியிருக்கும் மேல்தாளை எடுக்காமல், எதிர்ப்பக்கமாகத் தளர்வாகச் சுருட்டிச் சிறிது நேரம் வைத்துவிட்டு, தடிமனான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். மடித்து வந்ததென்றால் மடிப்புக்கோடு முழுவதும் போகாது. அது திருப்பி அனுப்ப வேண்டிய குறை.

4. உட்காரும் இடம்

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கைக் கெடுப்பது மூன்று: காற்று, பஞ்சு, வெயில்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் காற்று ஆடி முடிந்தும் ஓயாது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் சன்னல் வழியாக வந்து தட்டில் இருக்கும் கல்லை வாரிக்கொண்டு போகிறது. கூடவே செம்மண் தூசியைக் கேன்வாஸில் கொட்டுகிறது. அந்த மாதங்களில் சன்னலுக்கு முதுகைக் காட்டி, அறையின் உள்பக்கச் சுவரோரம் மேசையைப் போடுங்கள். மின்விசிறி வேண்டும் என்றால், மேலே ஓடும் விசிறியை நிறுத்திவிட்டு, மேசை விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள்.

பஞ்சுதான் இன்னும் மோசம். திருப்பூரில் பனியன் துணி வெட்டும் வீடு, சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் வீடு, சென்னிமலையில் கைத்தறி போட்ட வீடு என்று நம்மில் பலர் நூல் தூசிக்கு நடுவே வாழ்கிறவர்கள். அந்த இழை பசையில் ஒட்டினால் அதன் மேல் கல் நிற்காது. தறி ஓடும் நேரத்தில் மேல்தாளைத் திறக்காதீர்கள். தறி நின்ற பிறகு தரையை ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். தளர்வான பருத்திச் சேலை முந்தானையும் துண்டும் கேன்வாஸில் படாமல் இருக்கட்டும். கேன்வாஸின் நான்கு ஓரத்திலும் பசை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; எளிதில் கிழிக்கக்கூடிய காகித டேப்பை ஓரம் முழுவதும் ஒட்டி மூடுங்கள். அந்த ஓரத்தில்தான் தலைமுடி, நூல் எல்லாம் வந்து சேரும். ஏற்கெனவே இழை ஒட்டியிருந்தால் இடுக்கியால் எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஈரத் தாளால் மெல்ல ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

வெயில்: ஈரோடும் கரூர் பரமத்தியும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற இடங்கள். மெழுகு இளகிப் பேனா முனையிலிருந்து கல்லின் முகத்தில் அப்பும். பசையும் இளகிக் கல் நகரும். தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் உட்காராதீர்கள். அதிகாலையும் இரவும் நல்ல நேரம். ஸ்கூட்டர் பெட்டியிலோ வெயிலில் நிறுத்திய காரிலோ கேன்வாஸை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு மேசை விளக்கு போதும். கேன்வாஸுக்கு அடியில் வைக்கும் ஏ4 ஒளிப்பலகை 500 முதல் 900 ரூபாய் ஆகும். கறுப்பு, கருநீலம், மரநிறம் போன்ற அடர்நிறங்களில் குறிகள் தெரிய அது மிகவும் உதவும். வெளிர்நிறப் படத்தில் தொடங்குகிறவர்கள் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். கற்களைப் போட்டுவைக்க அறைகள் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி 150 ரூபாய் அளவில் ஆரிப் பொருள் கடையிலேயே கிடைக்கும். ஒவ்வோர் அறையிலும் நிற எண்ணையும் குறியையும் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இதைச் செய்யுங்கள். கல்லை வாயில் போட்டுக்கொள்ளும். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும்.

5. ஒட்டுவது

மேல்தாளை முழுவதும் உரிக்காதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் அளவுக்கு உரித்து மடித்து வைத்துவிட்டு அந்தப் பகுதியை முடியுங்கள். கத்தியால் மேல்தாளை வெட்டச் சொல்வார்கள். கேன்வாஸும் சேர்ந்து வெட்டுப்படும், வேண்டாம். மேல்தாள் சுருங்கிவிட்டால் ஸ்டிக்கருக்குப் பின்னால் வரும் வழவழப்புத் தாளைப் போட்டு மூடலாம்.

பேனா முனையை மெழுகில் ஒரு திருகு திருகினால் இருபது முப்பது கல்லுக்கு வரும். கல்லைத் தட்டில் கொட்டி லேசாக அசைத்தால் பட்டை தீட்டிய முகம் மேலே வந்து வரிசையில் நிற்கும். அந்த முகத்தில் பேனாவைத் தொட்டு எடுத்து, குறியின் நடுவில் வைத்து, மெல்ல அழுத்துங்கள். முதலில் பலமாக அழுத்தாதீர்கள். கோணலாக இருந்தால் இடுக்கியால் திருத்த வழி இருக்கட்டும்.

சதுரக் கல்லில் ஒன்றுவிட்டு ஒன்றாக, சதுரங்கப் பலகையைப் போல முதலில் வைத்துவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்பினால் வரிசை சாயாது. ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை இரும்பு அளவுகோலை ஓரமாக வைத்து நேர்படுத்துங்கள். இடம் இல்லாத இடத்தில் கல்லைத் திணித்தால் இரண்டு நாளில் அது எம்பி வெளியே வரும்.

மூன்று, ஆறு, ஒன்பது கற்களை ஒரே நேரத்தில் வைக்கும் அகலமான முனைகள் பின்னணிக்கு நன்றாக உதவும். உருவத்தின் விளிம்பில் ஒற்றைக் கல்லாகவே வையுங்கள்.

ஒன்றையொன்று ஒத்த குறிகளில்தான் தவறு நேரும். நிறப் பட்டியலை முதல் நாளே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். கழுத்தும் கண்ணும் இதில் சீக்கிரம் களைத்துப்போகும்.

6. கல் தீர்ந்துபோனால்

முதலில் விற்றவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டிஎம்சி எண், வட்டமா சதுரமா, ரெசினா அக்ரிலிக்கா ஆகிய மூன்றையும் சொல்லித் தனிப் பொட்டலம் வாங்குங்கள். ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 200 கல் இருக்கும். ஒரே எண்ணானாலும் வேறு கடையின் கல் சாயலில் சற்று மாறலாம். அதனால் தீரும்வரை காத்திருக்காமல், பாதிப் பரப்பு மீதி இருக்கும்போதே வாங்கி, பழைய கல்லோடு கலந்து ஒட்டுங்கள். சாயல் மாற்றம் ஒரே இடத்தில் பட்டையாகத் தெரியாது.

7. முடித்த பிறகு: அழுத்துவது, பூச்சு, சட்டம்

படத்தின் மேல் வழவழப்புத் தாளைப் போட்டு, சப்பாத்திக் கட்டையால் எல்லாத் திசையிலும் உருட்டுங்கள். பிறகு ஒரு பலகையும் புத்தகங்களும் வைத்து ஓர் இரவு விடுங்கள். நல்ல பசையாக இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வட்டக் கல்லின் இடைவெளிகளில் தூசி போகக் கூடாது என்று நினைப்பவர்கள் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகத் தடவலாம். பளபளப்பு கொஞ்சம் குறையும். நான் தடவுவதில்லை. காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையைக் கனமாகத் தடவினால் படம் மங்கிப்போகும்.

படத்தைக் கடைக்கு எடுத்துப்போகும்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டுங்கள். சுருட்டியே ஆக வேண்டும் என்றால் கல் உள்ள பக்கம் வெளியே இருக்கட்டும். உட்பக்கமாகச் சுருட்டினால் கல் ஒன்றோடொன்று முட்டித் தெறிக்கும்.

சட்டக் கடைகளில் அங்குலக் கணக்குதான். 30×40 சென்டிமீட்டர் ஏறத்தாழ 12×16 அங்குலம், சுலபமாகப் பொருந்தும். ஆனால் உங்கள் படத்தின் உண்மையான அளவை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சாதாரணச் சட்டத்துக்கு 400 முதல் 900 ரூபாய் வரை ஆகும். கடைக்காரரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகைப்படத்துக்குச் செய்வது போலச் சூடு வைத்து லேமினேஷன் செய்யக் கூடாது, கல் வீணாகிவிடும். முன்னால் கண்ணாடி வேண்டாம். வேண்டும் என்றால் கல்லில் தொடாதபடி இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். பின்னால் மெல்லிய எம்டிஎஃப் பலகையில் கேன்வாஸைத் தட்டையாக ஒட்ட வேண்டும். கல் ஒட்டிய பகுதியை மரச்சட்டத்தின் விளிம்பில் மடித்து ஆணி அடித்தால் ஓர வரிசைகள் உதிரும். இதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொன்னது, உள்ளே வேலை செய்கிற பையனுக்குப் போய்ச் சேராமலே போய்விடும்.

8. சொந்தப் புகைப்படத்தில் செய்ய விரும்புகிறவர்களுக்கு

தாத்தா பாட்டி படத்தைக் கல்லில் செய்து கூடத்தில் மாட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. அதை இரண்டாவது அல்லது மூன்றாவது படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்துக்கு 40×50 அளவாவது வேண்டும். இருவர் என்றால் அதைவிடப் பெரிது. கல்யாணக் கூட்டத்தில் எடுத்த குடும்பப் படத்தைக் கொடுக்காதீர்கள். பத்துப் பேரின் முகமும் புள்ளிகளாகக் கலைந்துவிடும். பழைய ஸ்டூடியோ படத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பாமல், ஸ்கேன் செய்து, பின்னணியை நீக்கி, தோள்வரை வெட்டி அனுப்புங்கள். அச்சிடும் முன் கல் வடிவ மாதிரிப் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்து, கண்ணும் வாயும் தெளிவாக இருந்தால் மட்டும் சம்மதம் கொடுங்கள். ஆர்டரின் பேரில் செய்த படத்தைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வர இரண்டு மூன்று வாரம் கூடுதலாகவும் ஆகலாம்.

மாட்டும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. சமையலறைப் புகையும் ஊதுபத்திப் புகையும் எட்டாத சுவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம். மிச்சமான கற்களை எண் எழுதிய பொட்டலங்களிலேயே வைத்திருங்கள், அடுத்த படத்தில் ஏதாவது ஒரு நிறம் கட்டாயம் குறையும்.